கேம்ப் போடும் பெரியப்பா

எல்லாக் குடும்பத்திலும் ஒரு பெரியப்பா இருக்கிறார். வங்கியிலோ மின்வாரியத்திலோ காலமெல்லாம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். "மே மாசம் எல்லாரும் சுவிட்சர்லாந்து போயிட்டு வரலாம்பா" என்று மகன் வாய்தவறிச் சொன்ன மறுநாளே ஆதம்பாக்கம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப் குடியேறிவிடும். சாப்பாடு ஹாலுக்கு இடம்பெயரும். விமான டிக்கெட், ஓட்டல், குளிருக்குக் கம்பளி எல்லாம் அப்புறம். அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "கேம்ப் எங்க போடறது?"

மற்றவர்கள் ஒரு ஊரில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். பெரியப்பா அங்கிருந்து எவ்வளவு சீக்கிரம் வெளியேறலாம் என்று பார்ப்பார். மருமகளுக்கு லூசர்ன் பிடித்திருந்தது. ஏரி, பூத்தொட்டிகள் தொங்கும் 14ஆம் நூற்றாண்டு மரப்பாலம். 1993இல் பாதிக்கு மேல் எரிந்து, மறு ஆண்டே திரும்பக் கட்டியெழுப்பிய பாலம் என்று படித்தும் காட்டினாள். பெரியப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "பாலம் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இங்கேர்ந்து மலையடிவாரத்து இன்டர்லாக்கன் போக ஒரு மணி ஐம்பது நிமிஷம் ஆகுதே" என்றார். லூசர்ன் அத்தோடு அடிபட்டது. தலைநகர் பெர்ன் வேறு மாதிரி. அதன் பழைய நகரத்தை 1983இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பெரியப்பாவோ வேறு காரணத்துக்காக அதைத் தன் பட்டியலில் சேர்த்தார்: சூரிச், இன்டர்லாக்கன், லூசர்ன் மூன்றுமே அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

நியாயமாகச் சொன்னால் அவர் கணக்கில் பழுதில்லை. ஓட்டலைக் காலை 11 மணிக்குள் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஓட்டலில் அறை கிடைப்பது மூன்று மணிக்கு. நடுவில் ஆறு பேர், எட்டுப் பெட்டி, தூக்க ஆளில்லாத பிளாட்பாரம். தினம் ஓர் ஊராகத் தாவுகிறவர்கள் ஆல்ப்ஸ் மலையைவிட லக்கேஜ் லாக்கரைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்கள். ஓர் ஊரில் இரண்டு இரவு என்றால் கையில் நிற்பது ஒரே ஒரு முழுப் பகல். நான்கைந்து இரவு ஒரே இடத்தில் கிடந்தால், மேகம் மூடிய நாளில் மலையைத் தள்ளிவைத்துவிட்டு ஊர் பார்க்கப் போகலாம். அபார்ட்மென்ட்டாக எடுத்தால் அடுப்பும் வாஷிங் மெஷினும் கிடைக்கும். ஓட்டல் அறையில் ரைஸ் குக்கர் வைத்துப் புகை அலாரம் அலறிய குடும்பங்களின் கதைகளைக் கேட்டவருக்கு இதன் அருமை தெரியும்.

பெரியப்பாவின் துரதிர்ஷ்டம், அவரைப் போலவே யோசிக்கிற ஒரு நாடு அவருக்கு வாய்த்ததுதான். 1982 முதல் சுவிஸ் ரயில்கள் மணிக்கணக்கை ஒட்டியே ஓடுகின்றன. 8.04க்கு ஒரு வண்டி என்றால் 9.04க்கும் உண்டு, 10.04க்கும் உண்டு. பெரிய சந்திப்புகளில் பல திசை வண்டிகளும் ஒரே நேரத்தை ஒட்டி வந்து நின்று, ஆட்களை மாற்றிக்கொண்டு கிளம்புகின்றன. இதைக் கண்டுபிடித்த இரவு பெரியப்பா தூங்கவில்லை. ஏழு நிமிடத்தில் வண்டி மாறலாம் என்று எக்செல்லில் பச்சை வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். பெரியம்மாவின் முழங்கால் அந்த எக்செல்லில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

அடுத்தது பாஸ். சுவிஸ் டிராவல் பாஸ் தொடர்ச்சியாக 3, 4, 6, 8, 15 நாள்களுக்குக் கிடைக்கும். ஐந்து நாளுக்குக் கிடையாது. ஐந்து நாள் பயணம் ஆறு நாளானது இப்படித்தான். மகன் லீவை நீட்டித்தான். ரிகி மலைக்கு அந்தப் பாஸே போதும், டிட்லிஸில் பாதிக் கட்டணம், ஜுங்ஃப்ராயோக்குக்கு மட்டும் 25 சதவீதம்தான் தள்ளுபடி. அந்த 25 சதவீதத்தை அவர் தனிப்பட்ட அவமானமாகவே எடுத்துக்கொண்டார். 3,454 மீட்டர் உயரத்தில், 1912இல், மலையைக் குடைந்து ரயில் விட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையம். செலவு இருக்காதா என்று மகன் கேட்டான். "நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, போட்ட பணத்தை இன்னுமா எடுக்கல?" என்றார் பெரியப்பா.

மார்ச் மாதம் முதல் அவருக்கு இன்னொரு வேலை சேர்ந்துகொண்டது. ஜுங்ஃப்ராயோக் உச்சியில் கேமரா வைத்து நேரலையாகக் காட்டுகிறார்கள். இங்கே வெயில் ஏறும் பதினோரு மணிவாக்கில் மின்விசிறிக்கடியில் பனியனோடு உட்கார்ந்து, அங்கே விடிந்ததா, மேகம் கலைந்ததா என்று பார்ப்பார். "இன்னிக்கு கிளியர்" என்று அடுக்களைக்குக் குரல் போகும். "சரி, காய் நறுக்கிக் கொடுங்க" என்று பதில் வரும்.

பாரிஸையும் சேர்க்கலாமே என்று மச்சினர் ஒருநாள் கிளப்பினார். அதிக இரவு எந்த நாட்டில் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் சமமானால் முதலில் இறங்குகிற நாடு. பெரியப்பாவுக்கு விதி வாய்ப்பாடாகத் தெரியும். "ராத்திரி கணக்கு மாறினா ஃபைல் முழுக்க மாத்தணும் மச்சான்" என்றார். ஈபிள் கோபுரம் அந்த நிமிடமே திட்டத்திலிருந்து இறங்கியது. ஆனால் லிச்சென்ஸ்டைன் சேர்ந்தது. மொத்தமே 160 சதுர கிலோமீட்டர் நாடு. சார்கன்ஸ் வரை ரயில், அங்கிருந்து பஸ் ஏறினால் தலைநகர் வாடுஸ். பாஸும் செல்லும். சுற்றுலா அலுவலகத்தில் சில பிராங்க் கொடுத்தால் நினைவுக்காகப் பாஸ்போர்ட்டில் முத்திரையும் குத்தித் தருவார்கள். எந்தப் பலனும் இல்லாத முத்திரைக்குக் கட்டணமா என்று பெரியப்பா இரண்டு நாள் பொருமினார். பிறகு ஆறு பேருக்கும் சேர்த்துப் பட்ஜெட்டில் ஒதுக்கினார். கேட்பவர்களிடம் இரண்டு நாடு என்று சொல்லலாம் அல்லவா?

பெர்னுக்காகக் கடைசிவரை வாதாடியவர் பெரியம்மா. அவர் ரயில் நேரம் எதையும் பார்க்கவில்லை. ஈழத்தமிழர்கள் எண்பதுகளிலிருந்து குடியேறிய நாடு சுவிட்சர்லாந்து. பெர்னில் 2014இல் திறந்த சமயங்களின் இல்லத்தில் பள்ளிவாசலும் தேவாலயமும் பௌத்த மடமும் இருக்கும் அதே கூரையின் கீழ் சிவன் கோவிலும் இருக்கிறது, தமிழிலேயே அர்ச்சனை நடக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "அங்கேயே தங்கிட்டா காலைல சாமி கும்பிட்டுட்டுக் கிளம்பலாங்க." பெரியப்பா யோசித்தார். பெர்னில் கேம்ப் போட்டால் ஜுங்ஃப்ராயோக் போக வர இரண்டு மணி நேரம் கூடும். மேகம் விலகும் நாளைப் பிடிக்க மலையடிவாரமே உத்தமம். தீர்ப்பு இன்டர்லாக்கனுக்குச் சாதகமானது. சிவபெருமான் மூன்றாம் நாள் டே ட்ரிப்பில், 9.40 முதல் 10.50 வரை.

போன இடத்தில் திட்டம் ஏறக்குறைய ஜெயித்தது. ஒரே ஒரு சறுக்கல். இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்திலிருந்து மலைக்குப் புறப்படும் ரயில், ஸ்வைலூட்ஷினன் என்ற இடத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லாட்டர்புரூனன் போகும், மறுபாதி கிரிண்டல்வால்ட் போகும். பெட்டிக்குப் பெட்டி எழுதி வைத்திருப்பார்கள். பெரியப்பாவுக்கு இது தெரியும். எக்செல்லில் சிவப்பில் இருந்தது. ஆனால் அந்த ஊரின் பெயரை அவர் சொல்லி முடிப்பதற்குள் பேரப்பிள்ளைகள் ஜன்னல் சீட்டுக்காக அடுத்த பாதிக்கு ஓடிவிட்டார்கள், பின்னாலேயே மருமகளும். வண்டி பிரிந்தது. பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் புளியோதரையோடு மருமகள்; இன்னொரு பக்கம் டிக்கெட்டோடு பெரியப்பா. "அடுத்த வண்டி அரை மணியில இருக்கு, அங்கேயே நில்லும்மா" என்று போனில் சொன்னபோது குரலில் பதற்றமே இல்லை, லேசான பெருமைகூடத் தெரிந்தது என்கிறான் மகன்.

ஐந்தாம் நாள் டிட்லிஸ். பெரியம்மா வரமாட்டேன் என்றுவிட்டார். பாஸ் விலையை ஆறால் வகுத்துக் காட்டியும் அசையவில்லை. பேத்தியும் அவரோடு தங்கினாள். பெரியப்பா மட்டும் மகன், மருமகள், பேரனுடன் விடியற்காலையில் கிளம்பி, ஹெர்கிஸ்வில்லில் வண்டி மாறி, எங்கல்பெர்க் போய், சுழலும் கேபிள் கார் ஏறினார். கேபிள் கார் முழு வட்டம் சுற்றி நான்கு திசையிலும் மேகத்தைக் காட்டியது.

இரவு திரும்பியபோது பெரியம்மா ரசம் வைத்திருந்தார்.

"எங்க போனீங்க?"

"எங்கேயும் போகலைங்க. இதே ஊர்தான். ஸ்டேஷன் பக்கத்துலயே ஒரு இழுவை ரயில் இருக்கு. பத்து நிமிஷம், ஹார்டர் குல்ம்னு ஒரு மலை. மேல நின்னா ரெண்டு ஏரியும் தெரியுது, எதிர்ல மூணு பனிமலையும் வரிசையா தெரியுது. ஒரு மேகம் இல்ல. கீழ பெரிய புல்வெளி, மேலேர்ந்து பாராசூட்ல ஒவ்வொருத்தரா வந்து இறங்கறாங்க. நம்ம ஊர் சினிமா டைரக்டர் யாருக்கோ சிலை வெச்சிருக்காங்க."

"யஷ் சோப்ரா தாத்தா" என்றாள் பேத்தி. "2016ல வெச்சது. எழுதியிருக்கு."

பெரியப்பா கொஞ்ச நேரம் ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் லேப்டாப்பைத் திறந்தார். அடுத்த தடவைக்கென்று ஏற்கெனவே ஒரு புதுத் தாள் தொடங்கியிருந்தார். கேம்ப் என்ற கட்டத்தில் பெர்ன் என்று அடித்தார். டே ட்ரிப் வரிசையில் முதலாவதாக இன்டர்லாக்கனைச் சேர்த்து, போக 52 நிமிடம், வர 52 நிமிடம் என்று போட்டுவிட்டு, "ஊர் சுத்த நாலு மணி நேரம் போதுமா?" என்று பெரியம்மாவைக் கேட்டார்.