நீலக்கல்லும் தோற்ற இடம்

ரத்தத்துக்கு விருந்தோம்பல் தெரியாது. வெளியிலிருந்து ஒரு குழாய் வந்தால் சில நொடிகளில் புரதங்கள் அதன்மேல் படர்ந்துவிடும். திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி போகிற வழியில், கல்லாற்று உருண்டைக் கற்களில் பாசி படிகிற மாதிரி. ஆற்றுக்காவது பொறுமை உண்டு, ரத்தத்துக்குக் கிடையாது. படிந்த புரதத்தில் ஃபைப்ரினோஜன் இருந்தால் தட்டணுக்கள் கும்பலாக வந்து ஒட்டும். பின்னாலேயே ரத்தக்கட்டி.

1929-ல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர், மூத்திரம் எடுக்கிற குழாயைத் தன் கைச்சிரை வழியே 65 சென்டிமீட்டர் தள்ளி இதயத்துக்கே அனுப்பினார். அந்தக் கோலத்தில் எக்ஸ்-ரே எடுக்க நடந்தும் போனார். பெரிய டாக்டர்கள் வைதார்கள். 1956-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ரத்தம் கோபித்துக்கொள்வதற்குள் குழாயை உருவிவிட்டார், பிழைத்தார்.

திருவனந்தபுரத்துக்காரர்கள் இழுத்துப்போட்டுக்கொண்டது அதைவிடப் பெரிய வம்பு: ஆயுசு முழுக்க ரத்தத்தோடு குடித்தனம் நடத்த ஒரு இதய வால்வு. இடமோ பூஜப்புரை சாட்டல்மண்ட் அரண்மனை. திருவிதாங்கூர் மகாராணி சேது லட்சுமி பாயி வாழ்ந்த மாளிகை. மகாராணி பெங்களூருக்குக் குடிபோனார். பின்னாளில் ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ நிலையத்துப் பொறியாளர்களும், அவர்களை நம்பி மோசம்போன செம்மறியாடுகளும் அங்கே குடிவந்தார்கள்.

நிலையத்தின் இதய அறுவை நிபுணர் டாக்டர் வலியத்தான் தலைமையில் வேலை தொடங்கியது. டைட்டானியக் கூடு சரிப்படவில்லை. ராஜவம்சத்து வீடாயிற்றே என்று நினைத்தார்களோ என்னவோ, செயற்கை நீலக்கல்லில் தட்டு செய்தார்கள். அது உடைந்தது. நான்காவது மாதிரியில் பாலிஎத்திலீன் தட்டு, குரோம்-கோபால்ட் கூடு, பாலியெஸ்டர் வளையம். மளிகைக்கடைப் பைக் குலமும் சட்டைத்துணிக் குலமும் சேர்ந்து, வருஷத்துக்கு சுமார் 4 கோடி தடவை திறந்து மூடுகிற வேலையைத் தாங்கின. தயாரிக்க முன்வந்தது, ஊருக்கெல்லாம் குக்கர் விற்ற டி.டி.கே. குழுமம். 1990 டிசம்பர் 6-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். வெளிநாட்டு வால்வு வாங்க வசதியில்லாதவர்களுக்கும் அதனால் வழி பிறந்தது.

இத்தனைக்குப் பிறகும் ரத்தம் சமாதானமாகவில்லை. இந்த வால்வு வைத்தவர்கள் உறைதல் தடுப்பு மாத்திரையை ஆயுள் முழுக்க விழுங்கவேண்டும், ரத்தம் உறைகிற வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் தவறக்கூடாது. ‘உடம்புதான் தேறிவிட்டதே, மாத்திரை எதற்கு?’ என்று கேட்கிற சொந்தக்காரர் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். அவருக்குக் காபி கொடுங்கள், காது கொடுக்காதீர்கள். மாத்திரையை மாற்றவோ நிறுத்தவோ டாக்டர் ஒருவர்தான் சொல்லலாம்.