மாப்ளே, ஃபேனை நிறுத்தினாத்தான் பேர் தெரியும்

வா மாப்ளே, உட்காரு. ரசீது புக்கை அக்குள்ல செருகிக்கினு, வாலிபர் சங்கத்துப் பசங்களைப் பின்னால இழுத்துக்கினு நீ தெருமுனை திரும்பறப்பவே தெரிஞ்சிபோச்சு, டிசம்பர் வந்துடுச்சுன்னு. இந்த வருஷம் கேரல் ரவுண்டுக்கு லாரி, லாரி மேல ஜெனரேட்டர், ஆவடியிலயே பெரிய ஸ்டார், அதோட ஏழைங்களுக்குப் புடவை. கேக்கவே நல்லா இருக்குது. ஆனா குடுக்கறதுன்னு இறங்கிட்டா முறையா குடுக்கணும்பா. மாமன் சொல்றேன், கேட்டுக்கோ.

மொதல்ல பேனர். புடவையைவிட பேனருக்கு ரெண்டு காசு கூட ஆனாலும் பரவால்ல. வாங்கற ஆயா படம் சின்னதா இருக்கட்டும், குடுக்கற உன் படம் பெருசா இருக்கட்டும். ஆயா கேமராவைப் பார்க்காம புடவையைப் பார்த்துடுச்சுன்னா, புடுங்கி மறுபடியும் குடு. போன வருஷம் ஒரு ஆயாவுக்கு அப்படித்தான் மூணு தரம் குடுத்தாங்க. மூணு புடவை கிடைக்கப்போவுதுன்னு அது பையை விரிச்சு வெச்சிக்கினு நின்னுச்சு, பாவம்.

அடுத்தது ஃபேன். சபைக்கு ஃபேன் வாங்கிக் குடுத்தீன்னா மூணு இறக்கையும் உனக்குத்தான் சொந்தம். ஒண்ணுல உன் பேரு, ஒண்ணுல உங்கப்பன் பேரு, மூணாவதுல அன்பளிப்புன்னு எழுதிடு. ஒரே ஒரு சங்கடம், ஃபேன் ஓடினா பேரு தெரியாது. மே மாச ஆராதனையில ஒருத்தர் சுவிட்சை நிறுத்திட்டு, ஊர்லேர்ந்து வந்த சொந்தக்காரங்களுக்கு அண்ணாந்து காட்டிக்கினு இருந்தாரு. மேடையில பாஸ்டர் ஐயாவுக்கு அங்கி பூரா வேர்வை.

காணிக்கைப் பை விஷயத்துல எனக்கு யாரும் சொல்லித் தரவே வேணாம். ரொம்ப வருஷமா எண்ணற மேசையில உட்கார்ந்தவன் நான். டேப் ஒட்டின இருபது, ஓரம் கிழிஞ்ச பத்து, பஸ் கண்டக்டர் வேணாம்னு திருப்பிக் குடுத்தது, எல்லாம் ஆண்டவர் மறுக்காம வாங்கிப்பாருன்னு ஜனங்களுக்கு அசைக்க முடியாத விசுவாசம். 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி ஐநூறும் ஆயிரமும் செல்லாதுன்னு டிவியில சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா? பேங்க்ல கட்ட டிசம்பர் 30 வரைக்கும்தான் கெடு. அந்த வருஷ கிறிஸ்துமஸ் மாதிரி கனமான பையை நான் பார்த்ததே இல்ல. எல்லாம் பழைய ஐநூறு! க்யூவுல நிக்க சோம்பல்பட்டவங்க எல்லாரும் ஆண்டவரை க்யூவுல நிறுத்திட்டாங்க. பொருளாளர்தான் மீதி அஞ்சு நாளும் பேங்க் வாசல்ல கெடந்தாரு.

லாரி மேல பஞ்சு தாடி ஒட்டிக்கினு ஒரு தாத்தா நிக்கப்போறானே, இன்னார் வீட்டுக் காணிக்கை இவ்வளவுன்னு மைக்ல கத்த? அந்த வேஷத்துக்கு அசல் ஆளு நிக்கோலாஸ். நாலாம் நூற்றாண்டுல மீரான்னு ஒரு ஊர்ல பிஷப்பா இருந்தவரு, இப்ப அது துருக்கியில இருக்குது. மூணு பொண்ணை வெச்சிக்கினு கட்டிக் குடுக்க வழியில்லாம தவிச்ச ஒருத்தன் வீட்டுல, ராத்திரியோட ராத்திரியா யாருக்கும் தெரியாம பொன் முடிச்சை வீசிட்டு வந்துட்டாருன்னு கதை. வரதட்சணைக்கா போய்க் குடுத்தாருன்னு எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மைக் வெச்சிக்கலியேன்னு மன்னிச்சிட்டேன்.

குடில்ல மூணு ராஜாவைப் பொன் பூசி முன்னால நிறுத்தறீங்க. வேதத்துல மூணு பேருன்னும் இல்ல, ராஜாங்கன்னும் இல்ல, கொண்டுவந்த பொருள்தான் மூணு. அது போவட்டும். லூக்கா ரெண்டாம் அதிகாரத்தை நிதானமா படி. புள்ளையைத் தூக்கிக்கினு எருசலேம் ஆலயத்துக்குப் போன மரியாளும் யோசேப்பும் குடுக்கப் போனது புறா ஜோடி. ஏன் புறான்னு லேவியராகமத்துல பாரு. ஆட்டுக்குட்டிக்கு வக்கில்லாதவங்களுக்குத்தான் அந்தச் சலுகை. யாரு பொறந்த நாளுக்கு நீ லாரி பேசறியோ, அவங்க அம்மா இன்னிக்கு ஆவடியில குடியிருந்தா உன் புடவை டோக்கன் லிஸ்ட்ல இருப்பாங்க மாப்ளே. அவங்களையும் கேமராவைப் பார்க்கச் சொல்லுவியா?

வாங்கற வரிசையே இருக்கக் கூடாதுன்னு நெனச்சதும் இதே ஊருதான். 1955 ஜனவரியில காங்கிரஸ் மாநாடு ஆவடியில கூடிச்சு, பந்தல் போட்ட இடத்துக்கு சத்தியமூர்த்தி நகர்னு பேரு. நேரு முன்னால சோஷலிச பாணிச் சமுதாயம்னு தீர்மானம் போட்டாங்க. அப்புறம் நமக்குக் கெடைச்சது டாங்கி ஃபேக்டரி. அதுவும் நல்லதுக்குத்தான், உங்கப்பன் பென்ஷன் அதுலதானே வருது.

நெஜமா குடுக்கறதை நீயே பார்த்திருக்கே. 2023 டிசம்பர் மொதல் வாரம் மிக்ஜாம் புயல். பட்டாபிராம், திருமுல்லைவாயல், அம்பத்தூர் எஸ்டேட், எங்க பார்த்தாலும் தண்ணி. அம்பத்தூர் ஆவின் பண்ணையிலயே தண்ணி பூந்து ஜனங்க பாலுக்கு அல்லாடினாங்க. உங்க தெருவுல கரண்டு இல்ல, போன்ல சார்ஜ் இல்ல, அதனால போட்டோவும் இல்ல. மாடி வீட்டம்மா கையில இருந்த ஒரே பாக்கெட்டைக் காய்ச்சி, ஒரு டம்ளரைத் தன் பேரனுக்கு வெச்சிட்டு, இன்னொண்ணைக் கீழ் வீட்டுக் கைக்கொழந்தைக்குன்னு முழங்கால் தண்ணியில எடுத்துக்கினு போச்சு. உன் ரசீது புக்குல அந்தம்மா பேரு எந்தப் பக்கத்துல இருக்குது, காட்டு பார்ப்போம்.

சரி, காரியத்துக்கு வர்றேன். 25ஆம் தேதி பூந்தமல்லி பக்கம் ஏதாவது ஒரு பிள்ளைங்க இல்லத்துக்குப் போய்ப் பாரு. காலையில ஒரு கம்பெனி கேக். பதினோரு மணிக்கு ஒரு சபை பிரியாணி, ஒரு மணிக்கு இன்னொரு சபை பிரியாணி. சாயந்திரம் கல்யாண நாள் கொண்டாட ஒரு குடும்பம் வரும், அதுவும் அண்டாவோடதான் வரும். வேணாம்னா குடுக்கறவங்க மூஞ்சி சுருங்கிடுமேன்னு வார்டன் அம்மா பிள்ளைங்களைத் தட்டோட திரும்பத் திரும்ப உட்கார வெக்கறாங்க. ராத்திரி எல்லாத்துக்கும் ஓமத் தண்ணி. ஜனவரி 2ஆம் தேதி போய்ப் பாரு, அரிசி இருக்கான்னு கேக்க நாதி இருக்காது.

உங்க அத்தை அரிசி டிரம் மேல ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் வெச்சிருக்கா பாரு. உலை வெக்கறப்பல்லாம் ஒரு கைப்பிடி அதுல விழும், நெறைஞ்சா சபைக்குப் போவும். மிசோரம்ல கிறிஸ்தவப் பொம்பளைங்க 1910லேர்ந்து இப்படிக் கைப்பிடி அரிசி எடுத்து வெக்கறாங்க. அங்க சபை ஊழியம் நடக்கறதுல அந்த அரிசிக்குப் பெரிய பங்கு. எனக்குச் சோறு கொறைஞ்சாலும் கொறையும், அந்தப் பாட்டில் கொறையாது. ஏன்டின்னு கேட்டா, ஆண்டவர் பங்குல கை வெக்காதேன்னுவா. அவ பேரு எந்த ஃபேன்லயும் இல்ல.

இந்தா, என் பேருல ஆயிரம் ரூபா போட்டுக்கோ. மைக்ல சொன்னீன்னா அடுத்த வருஷம் இந்த வாசப்படி ஏறாதே. இன்னொரு கவர் தர்றேன், அதுக்கு ரசீது வேணாம். ஜூன்ல பள்ளிக்கூடம் தெறக்கறப்ப அந்த இல்லத்துப் பிள்ளைங்களுக்கு எத்தனை நோட்டு வேணும், செருப்பு என்ன சைஸுன்னு இப்பவே போய்க் கேட்டு எழுதிக்கினு வா. தயவுபண்ணி பிரியாணி வேணுமான்னு மட்டும் கேட்டுடாதே.