எல்லை தாண்டிய கூட்டு

மனநெருக்கடியில் தவிப்பவர்களைக் காவல்துறை கையாளுவதற்கு ஒரு 'சமுதாயக் கூட்டு' அமைக்கப் போகிறார்களாம். ஆலோசனைக் கூட்டம், பிளெக்ஸ், குத்துவிளக்கு, பொன்னாடை, முந்திரி போட்ட பொங்கல் எல்லாம் தயார். நல்லது. ஆனால் அப்படியொரு கூட்டு நம் ஊரில் பல காலமாக அமோகமாய் நடந்துவருவதை அதிகாரிகளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது.

அமைச்சர் வருகிறார் என்றால் போதும். பஸ் ஸ்டாண்டில் அழுக்குப் போர்வையோடு தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பவரை இரவோடு இரவாக வேனில் ஏற்றுவார்கள். அடுத்த ஸ்டேஷன் எல்லை தொடங்கியதும் இறக்கிவிடுவார்கள். அந்த ஸ்டேஷனிலும் வேன் உண்டு. அந்த ஊருக்கும் அமைச்சர் வருவார். இரண்டு ஸ்டேஷன்களுக்குள் இவ்வளவு ஒத்துழைப்பைத் திருட்டு வழக்கில்கூடப் பார்க்க முடியாது.

பொதுமக்களின் பங்களிப்பும் குறைந்ததல்ல. இப்படித் திரிபவரைப் பிடித்து மின்கம்பத்தில் கட்டிப்போட்டுவிட்டு, போலீஸ் வரும்வரை வீடியோ எடுப்பார்கள். 2018 மே மாதம் பழவேற்காட்டில், பிள்ளை பிடிக்க வந்தவன் என்ற வதந்தியை நம்பி, மனநலம் குன்றிய ஒருவரை அடித்தே கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே மாதம்தான். சட்டம் வருவதற்குள் சமுதாயம் முந்திக்கொண்டது.

அந்தச் சட்டத்தின் 100-ஆவது பிரிவைப் படிக்க எந்தக் கமிட்டியும் தேவையில்லை. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுப்பது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காக அழைத்துச் செல்ல வேண்டும். எக்காரணம் கொண்டும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவராக எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டும்.

இதை நம்பி ஓர் அப்பாவி ஏட்டு, இரவு பதினொரு மணிக்கு ஆளை அழைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனால் என்ன நடக்கும்?

"கோர்ட் ஆர்டர் எங்கே?"

"புதுச் சட்டத்துல அது தேவையில்லீங்க சார்."

"எங்களுக்கே சட்டம் சொல்றீங்களா ஏட்டய்யா? அட்டெண்டர் யாரு? நீங்க கூடவே இருப்பீங்களா? சைக்யாட்ரி டாக்டர் காலையிலதான் வருவார்."

கோர்ட் ஆர்டர் கேட்ட 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் செத்துப்போய்விட்டது. அதன் ஆவி மட்டும் அட்மிஷன் கவுன்டரில் ஆர்டர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஏட்டு திரும்புகிறார். அடுத்த முறை அவரும் எல்லைப் பக்கம்தான் வண்டியை விடுவார்.

உதவிக்கு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை இருக்கிறதே என்பார்கள். நல்ல சேவைதான். போட்டிருக்கும் சட்டையே சொந்தமில்லாதவர் 14416-க்கு எந்த போனிலிருந்து பேசுவார்?

தினமும் காலையில் அவருக்கு ஒரு டீயும் பன்னும் கொடுத்து, "அண்ணே, வெயில்ல நிக்காதீங்க" என்று நிழலில் உட்காரவைக்கும் டீக்கடைக்காரரைக் கூட்டத்துக்கு அழைக்க மாட்டார்கள். அவரிடம் லெட்டர்பேடு இல்லை.

திட்டம் தீட்டியே தீருவோம் என்றால், இதோ ஒரு யோசனை. 108 என்றால் நமக்கெல்லாம் ஆம்புலன்ஸ்தான் ஞாபகம் வரும். இதே சட்டத்திலும் ஒரு 108-ஆவது பிரிவு இருக்கிறது: சட்டத்தை மீறுபவருக்கு முதல் தடவையே ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆளை எல்லையில் இறக்கிவிட்ட அதிகாரி மீது ஒன்று, ஆர்டர் கேட்டுத் திருப்பி அனுப்பியவர் மீது ஒன்று என வழக்குப் போட்டுப் பாருங்கள். போலீசும் ஆஸ்பத்திரியும் மறுநாளே கைகோத்துக்கொள்ளும். பொங்கல் செலவும் மிச்சம்.