சின்ன வேலைதான் சார்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய தெருக்களில் நடந்தால், கான்டெசா விற்கிறவர் ஒருவர் எப்படியும் கண்ணில் படுவார். 1984-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்து 2002-ல் நிறுத்திய அந்த நீளமூக்குக் கார், வேப்பமரத்தடியில் காற்றிறங்கி உட்கார்ந்திருக்கும். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்கள் அதன் அடியில் செருப்பைத் தள்ளிவிட்டுப் போவார்கள். “ராசியான வண்டி சார், இதுவரைக்கும் ஒரு செருப்பு தொலைஞ்சதில்ல” என்பார்.

விற்கத்தான் போகிறார். எட்டு வருஷமாக.

அவர் பாஷை தெரியாமல் போகக்கூடாது. ‘சின்ன டிங்கரிங்’ என்றால் கதவின் அடிப்பாகம் இல்லை. ‘ஒரிஜினல் பெயிண்ட்’ என்றால் துருவும் ஒரிஜினல். ‘பேப்பர் பக்கா’ என்றால் ஆர்.சி. லேமினேஷனுக்குள் பத்திரமாகக் காலாவதியாகியிருக்கிறது. கார் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகிவிட்டதே என்றேன். “அப்ப வண்டி மதிப்பும் ஏறியிருக்கும்ல?” என்றார்.

ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் டாலரில் விலை கேட்டு, இவர் கொடுக்காமல் விட்ட கதை கட்டாயம் உண்டு. இந்த ஊரில் பழைய ஊஞ்சல் விற்கிறவரிடமும் அந்த வெள்ளைக்காரர் வந்திருக்கிறார்.

“இந்தியாவோட மஸ்டாங் சார் இது!” தோற்றத்தில் சரிதான். ஆனால் ஆரம்பகாலக் கான்டெசாவுக்குள் இருந்தது அம்பாசடரின் 1,489 சிசி எஞ்சின். அவ்வளவு பெரிய உடம்பை அது முனகிக்கொண்டேதான் இழுத்தது. இசுசுவின் 1,817 சிசி பிறகுதான் வந்தது. “உங்களுது இசுசுவா?” என்று கேட்டேன். காபி சொல்ல உள்ளே போய்விட்டார்.

காபியோடு வந்தது அவர் மனைவி. “விலையெல்லாம் பாக்காதீங்க தம்பி. துணி காயப்போட எடமில்ல” என்றார் மெதுவாக.

ஓட்டிப் பார்க்காமல் அவர் விடவில்லை. சக்கரங்களுக்குக் காற்றடித்து, பக்கத்து வீட்டு டிராக்டர் பேட்டரியைக் கடன்வாங்கி மாட்டினார். வண்டி இருமியது, புகைந்தது, கிளம்பியேவிட்டது. கிரிவலப் பாதையில் எமலிங்கத்துக்கு எதிரே நின்றுபோனது. அங்கிருந்து வீடுவரை நானும் கூட வந்திருந்த நண்பரும் தள்ளினோம். ஸ்டியரிங்கில் அவர். “எவ்ளோ லகுவா உருளுது பாத்தீங்களா!”

மூச்சு வாங்கிக்கொண்டு திண்ணையில் சாய்ந்தோம். அவருக்குப் போன் வந்தது.

“ரன்னிங் கண்டிஷன்தான் சார். இப்பதான் ரெண்டு பார்ட்டி எமலிங்கம் வரைக்கும் போயிட்டு வந்தாங்க.”