மலையக ரசிகரின் விசுவாசமும் முதலாளிமாரின் பெயர்மாற்ற நோயும்: ஓர் இஸ்தோப்பு ஆய்வு

லங்கா பிரீமியர் லீக்கில் மலைநாட்டுக்கென்று வாய்த்த ஒரே அணி கண்டி. 2020இல் அது கண்டி டஸ்கர்ஸ், 2021இல் வாரியர்ஸ், 2022இல் பல்கன்ஸ், 2023இல் பி-லவ் கண்டி, 2024இல் மறுபடியும் பல்கன்ஸ். யானை போர்வீரனாகி, வீரன் வல்லூறாகி, வல்லூறு காதலில் விழுந்து, தெளிந்து, திரும்பவும் வல்லூறானது. டார்வின் இவ்வளவு அவசரப்பட்டவரல்லர்.

முதலிரு வருடமும் கண்டி அணி கண்டியில் ஆடவேயில்லை என்பது ஆய்வுலகம் கவனிக்கத் தவறிய சங்கதி. கொரோனா புண்ணியத்தில் 2020இன் ஆட்டம் முழுக்க அம்பாந்தோட்டையில் நடந்தது. அடுத்த வருடம் கொழும்பும் சேர்ந்துகொண்டது. கண்டியின் பல்லேகலை மைதானத்துக்கு ஆட்டம் வந்தது 2022இல்தான். முதல் வருட முதலாளிகளில் ஒருவர் இந்தி நடிகர் சோஹைல் கான். ஆக, முதலாளி மும்பாயில், ஆட்டம் கடலோரத்தில், ரசிகர் மட்டும் மலையில்.

கள ஆய்வு ஹட்டன் ஓட்டோ தரிப்பிடத்தில் நடந்தது. மழை நேரம். யானைப் படம் போட்ட பழைய டீசேட்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் ஒரு பொடியன் கேட்டான்: “இந்த வருசம் யாருண்ணே மொதலாளி?”

“எவனா இருந்தா நமக்கென்னடா? கண்டிதானே!”

இந்த ஞானத்தின் மூலம் தோட்டத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரக் கம்பனிகளின் தோட்டங்களை 1975இல் அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளின் கைக்குப் போனது. துரைமார் வந்தார்கள், போனார்கள். பெட்ரோ பெட்ரோவாகவே இருந்தது, டன்சினன் டன்சினனாகவே இருந்தது. பெயர்ப்பலகையில் கைவைக்கிற தைரியம் எந்தக் கம்பனிக்கும் வரவில்லை. ஒப்பீட்டுக்கு ஐ.பி.எல். சென்னை அணியையும் பார்க்கலாம்: 2016, 2017 இரண்டு வருடமும் தடையில் கிடந்துவிட்டு, 2018இல் அதே பெயரோடு, அதே மஞ்சளோடு வந்து கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த மஞ்சள் சட்டை லயத்துக் கொடிகளில் இன்றும் காய்கிறது. காரணத்தை விளக்கத் தனிக் கட்டுரை வேண்டாம்.

நம்பிக்கை பற்றிய பகுதியைச் சுருக்கமாக முடிக்கலாம். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு 2021 வரை வருடக்கணக்கில் காத்திருந்து பழகிய சனத்துக்கு, ஒரு கிண்ணத்துக்கு நாலாவது வருடம் வரை காத்திருப்பது பெரிய காரியமா?

கிண்ணம் 2023 ஓகஸ்ட் 20ஆம் திகதி வந்தது. இறுதியாட்டத்தில் தம்புள்ளையை ஐந்து விக்கெட்டுகளால் வென்றார்கள். வென்ற பெயரை அடுத்த வருடமே கழற்றியும் விட்டார்கள். பறித்த கொழுந்தின் எடை குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம், போடுவது வழக்கம். எடை நிறைந்த பிறகு பேரையே வெட்டிய வரலாறு எந்தத் தோட்டத்துச் செக்ரோலிலும் இல்லை. இதுபற்றித் தொழிற்சங்கங்கள் ஓர் அறிக்கைகூட விடாதது அடுத்த ஆய்வுக்கு விடப்படுகிறது.