காய்ச்சலைத் தலைக்கு ஏற்றுவது எப்படி?

முதலில் ஒரு டிரம் வேண்டும், அண்ணாச்சி. வற்றாத தாமிரபரணி பக்கத்தில் ஓடினாலும் தெருக்குழாயில் தண்ணீர் முறை வைத்துத்தானே வருகிறது. அதனால் டிரம் எப்படியும் இருக்கும். மூட வேண்டாம். மூடினால் ஏடிஸ் கொசு அம்மாள் பேறுகாலத்துக்கு எங்கே போவாள்? சாக்கடை அவளுக்கு ஆகாது, நல்ல தண்ணீர்தான் கேட்பாள். வாரம் ஒருமுறை டிரம்மைக் கவிழ்த்துக்கொள்ளுங்கள், ஆனால் உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துவிடாதீர்கள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, கறுப்பாய்ப் பொடி தூவினாற்போல் ஒட்டியிருக்கிறதே, அவள் முட்டைகள். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும்.

வயல்காட்டு வீடு என்றால் டிரம்கூட வேண்டாம். பிசான நெல்லுக்குக் கட்டிய தண்ணீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு, பன்றியிடமும் கொக்கிடமும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலை வாங்கி வந்து ராத்திரியில் கடித்துக் கொடுத்துவிடும். பெயரைப் பார்த்து வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்காதீர்கள், 1955-லேயே வேலூரில் கண்டுபிடித்துவிட்டார்கள். தொற்றியவர்களில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்குத்தான் முற்றும். ‘நமக்கெல்லாம் வராது’ என்று சொல்ல இது போதும். முற்றியவர்களில் 100-க்கு 30 பேர் வரை இறப்பதையும், பிழைத்தவர்களில் பலருக்கு வலிப்போ முடக்கமோ தங்கிவிடுவதையும் வாசிக்காமல் பக்கத்தைத் திருப்புங்கள்.

ஏடிஸ் அம்மாள் தரும் டெங்குவுக்கு வருவோம். 2012-ல் தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் வந்தது, 66 பேர் போனார்கள். நெல்லைச் சீமை நன்றாகவே அடிபட்டது. அந்த வருடம் நாம் படித்த பாடம் ‘பிளேட்லெட்’ என்ற ஒரே சொல். இன்றும் காய்ச்சல்காரரைப் பார்க்க வருகிறவர் எல்லாம் எண்ணிக்கையைத்தான் கேட்பார். படுத்திருப்பவருக்குத் தன் பெயர் நினைவிருக்கிறதா என்று கேட்க ஆள் கிடையாது. அப்படியே இருக்கட்டும்.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டுவிடும். ‘அப்பாடா’ என்று மருமகள் சோறு வடிக்கப் போகும் நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம். ஆள் தூங்கித் தூங்கி விழுவார். ‘அசதி, தூங்கட்டும்’ என்க. பொண்டாட்டியை அக்கா என்று கூப்பிட்டால், ‘பயந்த கோளாறு’ என்று திருநீறு போடுக. வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிக்க. வைரஸ் மூளைக்கே போயிருக்கலாம், ஈரல் கெட்டிருக்கலாம், ரத்தத்தில் உப்பு இறங்கியிருக்கலாம், மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். சாவிக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது, அதுதான் வசதி.

சிக்குன்குனியா என்றால், காய்ச்சல் போய் ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கால் செருப்பு தானே கழன்று, குத்தவைத்தவர் எழுந்திருக்க முடியாமல் போனாலும், ‘சிக்குன்குனியா வலி, இருக்கத்தான் செய்யும்’ என்று எண்ணெய் தேய்க்க. கீழிருந்து ஏறும் அந்தத் தளர்ச்சி மூச்சுத் தசைக்கு வரும்வரை நேரம் இருக்கிறது.

இத்தனையையும் கெடுக்க ஓர் ஆச்சி போதும். “ஏலே, நான் யாருன்னு சொல்லு பாப்போம்?” என்பாள் காய்ச்சல்காரனிடம். அவன் ‘டீச்சர்’ என்றதும் ஆட்டோவைக் கூப்பிட்டு, ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லிவிடுவாள். சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். வீட்டைப் பூட்ட வேண்டாமா?