நீதி சொன்ன மாமனார்

பால்குடி மறப்பதற்குள் பதவிக்கு வந்தவர் டான் ஹுவான் மானுவேல். 1282இல் எஸ்கலோனாவில் பிறந்தார். அடுத்த ஆண்டு முடிவதற்குள் அப்பா போய்ச் சேர்ந்தார். மூர்சியா எல்லைப்புறத்தின் ஆளுநர் பதவி தொட்டிலைத் தேடி வந்தது. தகுதியா? தாத்தா அரசர் மூன்றாம் ஃபெர்னான்டோ, பெரியப்பா அரசர் பத்தாம் அல்ஃபோன்சோ. அதற்கு மேலும் தகுதி கேட்கிறவன் கஸ்தீல் நாட்டின் துரோகியாகத்தான் இருக்க வேண்டும்.

நவாரிலிருந்து கிரனாடா வரைக்கும் பயணம் போனாலும் ஒவ்வொரு இரவும் சொந்தக் கோட்டையிலோ மதில் சூழ்ந்த சொந்த ஊரிலோ படுத்துறங்க முடியும் என்று பிற்காலத்தில் அவரே பெருமையாக எழுதிவைத்தார். அந்த மதில்களுக்குக் கல் சுமந்தவன் எங்கே படுத்தான் என்பதை எழுத அவருக்கு ஏடு போதவில்லை. எழுதாத நேரத்தில் சொந்தமாக நாணயம் அடித்தார். அதிலும் மதிப்புள்ள நாணயம் ஒன்று அவர் வீட்டிலேயே வளர்ந்தது: மகள்.

அந்த மகளின் தாயே ஒப்பந்தத்தில் வந்தவள்தான். அரகோன் அரசன் இரண்டாம் ஜெய்மேயின் மகள் கொன்ஸ்தான்சா பிறந்தது 1300இல். சம்பந்தம் பேசி முடித்தது 1303இல். மாப்பிள்ளை பெரிய மனது பண்ணி, பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதாகும்வரை காத்திருந்து 1312இல் மணந்துகொண்டார். பேராசிரியர்கள் இதை ராஜதந்திரம் என்று எழுதுவார்கள். குழந்தைக் கல்யாணம் என்று எழுதினால் குதிரைப் படையின் கம்பீரம் குறைந்துபோகுமாம்.

மகளுக்கும் தாயின் பெயரே. அவளை முதலில் பேசியது ஒற்றைக்கண் ஹுவான் என்ற இன்னொரு பெரும் பிரபுவுக்கு. இரண்டு பிரபுக்கள் சம்பந்தியானால் தன் சிம்மாசனம் ஆடும் என்று பயந்த இளம் அரசன் பதினோராம் அல்ஃபோன்சோ, “பெண்ணை எனக்கே கொடுங்கள்” என்றான். நண்பனுக்குக் கொடுத்த வாக்கு ராஜமாமனார் ஆகும் ஆசைக்கு முன்னால் ஒரு நொடி நிற்கவில்லை. 1325இல் வையதோலித் நகரில் கல்யாண ஒப்பந்தம். 1326இல் ஒற்றைக்கண் ஹுவானை டோரோ நகருக்கு அழைத்துக் கொன்றான் அரசன். மறு ஆண்டு கொன்ஸ்தான்சாவையும் வேண்டாம் என்று தள்ளி, அதே டோரோ கோட்டையில் அடைத்துவைத்தான். பிறகு போர்ச்சுகல் இளவரசி மரியாவை மணந்தான்.

மானம் போய்விட்டது என்று குதித்தார் அப்பா. போனது யாருடைய மானம், அடைபட்டது யார் என்று எவனும் கேட்கவில்லை. அரச விசுவாசத்தைத் துறந்தார், கிரனாடாவின் முஸ்லிம் அரசனோடு கைகோத்தார், கஸ்தீல் நாட்டு நிலங்களையே சூறையாடினார். முந்தின ஆண்டுதான் இதே கிரனாடாப் படையை வென்று கிறிஸ்தவத்தின் காவலராக வலம்வந்தவர்! இரண்டு பெரிய மனிதர்களின் கௌரவச் சண்டையில் எரிந்த வயல்களுக்கு மட்டும் எந்தக் கௌரவமும் கிடையாது.

இந்த அமளிகளையெல்லாம் நடத்தி முடித்து, கை அலம்பிய கையோடு 1335இல் அவர் முடித்த நூல்தான் ‘லூக்கனோர் பிரபு’. நீதிக் கதைகள்! பிரபு சிக்கலைச் சொல்வார், ஆலோசகன் பத்ரோனியோ கதை சொல்லித் தீர்ப்பான். ஒவ்வொரு கதை முடிவிலும் டான் ஹுவான் என்பவர் வந்து, இது மிக நல்ல கதை என்று கண்டு நூலில் எழுதச் செய்தார் என்று ஒரு வரி வரும். தன் தோளைத் தானே தட்டிக்கொள்ள ஐம்பது வாய்ப்புகள். கஸ்தீலிய உரைநடையின் தந்தையரில் ஒருவர் என்று இலக்கிய உலகம் அவரைக் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும், நடை நல்ல நடைதான். அவர் உண்மையான தந்தையாக இருந்த இடத்தைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

நம் பஞ்சதந்திரத்துச் சத்துமாவுப் பானை அரபு வழியாக ஸ்பெயினுக்குப் போய், அவர் நூலில் ஒரு தேன்குடமாக மாறியிருக்கிறது. துருஹானா என்ற ஏழைப்பெண் அதைத் தலையில் வைத்துச் சந்தைக்குப் போகிறாள். தேனை விற்று, முட்டை வாங்கி, கோழி வளர்த்து, ஆடு வாங்கி, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து, மருமகன்களும் மருமகள்களும் சூழத் தெருவில் நடப்பதாக மனக்கோட்டை கட்டுகிறாள். குடம் உடைகிறது. மருமகன் கனவு ஏழைக்கு வந்தால் மூடத்தனம், நீதி சொல்லலாம். ஐயாவுக்கு வந்தால் இரண்டு நாடுகள் படை திரட்ட வேண்டும்.

கொன்ஸ்தான்சாவை விட்டபாடில்லை. அவள் இடத்தில் அமர்ந்த மரியாவின் தம்பி, போர்ச்சுகல் இளவரசன் பெத்ரோவுக்கே அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். பரிவாரத்தில் கூடப்போன இனெஸ் டி காஸ்ட்ரோ மீது பெத்ரோவுக்குக் காதல் வந்தது. அந்தக் காதலுக்குக் கவிதைகளும் நாடகங்களும் உண்டு, பெண்டாட்டிக்கு அடிக்குறிப்பு. இளைய மகள் ஹுவானா 1339இல் பிறந்தாள். அப்பா 1348இல் கண்ணை மூடினார், ஆனால் சந்தை மூடவில்லை. 1350இல் பதினொரு வயதில் அவளுக்குக் கல்யாணத்தை முடித்துவைத்தார்கள். மாப்பிள்ளை என்ரிக், அக்காவைச் சிறைவைத்த அதே அல்ஃபோன்சோவின் ஆசைநாயகி மகன்.

படியெடுப்பவர்கள் பிழை செய்து தம் பெயரைக் கெடுப்பார்களோ என்று கவலைப்பட்ட டான் ஹுவான், தாமே திருத்திய மூலப்பிரதிகளைப் பெஞாஃபியெல் மடத்தில் பத்திரப்படுத்தினார். அவை தொலைந்துவிட்டன. மகள்களைப் பத்திரப்படுத்த அவ்வளவு கவலைகூட யாருக்கும் இல்லை.

கடைசியில் ஆசை நிறைவேறியது. மூத்தவள் மகன் ஃபெர்னான்டோ போர்ச்சுகலின் அரசன், இளையவள் மகன் ஹுவான் கஸ்தீலின் அரசன். பேரன்கள் இருவரும் 1381இல் ஒருவரோடொருவர் போரில் இறங்கினார்கள். பிறகு ராசியானார்கள். ராசிக்கு அடையாளமாக 1383இல் ஃபெர்னான்டோ தன் மகள் பியாட்ரிஸைத் தன் சித்தி மகன் ஹுவானுக்கே மணமுடித்துக் கொடுத்தான். மாப்பிள்ளை மனைவியை இழந்தவன், இரண்டு பையன்களுக்குத் தகப்பன். பெண்ணுக்கு வயது பத்து.